கேசினோ ரிசார்ட்டில் எங்கே தங்குவது? முதல்முறை போகிறவர்களுக்கு

கேசினோ ரிசார்ட்டின் ரூம் வாடகையைச் சாதாரண ஹோட்டல் வாடகை மாதிரி பார்க்கக் கூடாது. சாதாரண ஹோட்டலுக்கு அறைதான் வியாபாரம். இங்கே அறை என்பது உங்களைக் கட்டிடத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வழி. மேஜையிலும் மெஷினிலும் சாப்பாட்டிலும் ஷோவிலும் காசு வந்துவிடும் என்பதால் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவும் இறக்கவும் அவர்களால் முடியும். செவ்வாய்க்கிழமை அடிமாட்டு விலைக்குக் கிடைத்த அறை, அதே வாரம் சனிக்கிழமை பல மடங்கு கேட்கும். வாடகை குறைந்தால் அதை வேறு எங்கே வசூலிக்கப் போகிறார்கள் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், தங்குமிடம் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் வரைபடத்தைத் திறக்கிறார்கள். ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கட்டிடம், எந்த அறை என்ற வரிசையில் போனால் பணமும் மிஞ்சும், காலும் மிஞ்சும்.

விளையாடாத நேரத்தில் என்ன செய்வீர்கள்?

முதல் கேள்வி இதுதான். எவ்வளவு ஆர்வமாக விளையாடுகிறவரும் ஒரு நாளில் சில மணி நேரத்துக்கு மேல் மேஜையில் உட்கார மாட்டார். மீதி நேரம் தூங்குவீர்கள், சாப்பிடுவீர்கள், குளத்தில் கிடப்பீர்கள், ஊர் சுற்றுவீர்கள். அறையை அந்த நேரத்துக்காகத்தான் எடுக்கிறீர்கள். கேசினோவுக்குள் நுழைய அங்கேயே தங்கியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஊர்களில் சட்டமில்லை. வெளியூரிலிருந்து போகிறவருக்குப் பொதுவாக வயதும் அடையாள அட்டையும் சரியாக இருந்தால் போதும். ஆகவே ‘நல்ல கேசினோ உள்ள ஹோட்டல்’ என்று தேடத் தேவையில்லை. நல்ல தூக்கம் கிடைக்கும் ஹோட்டலில் தங்கிக்கொண்டு, பிடித்த கேசினோவுக்கு நடந்து போகலாம்.

கூட வருகிறவர்களையும் இங்கேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நால்வரில் ஒருவருக்கு மட்டும் சூதாட்டத்தில் ஆசை என்றால், மற்ற மூவருக்கும் ஏற்ற இடம்தான் சரியான இடம். அந்த ஒருவர் எங்கே போட்டாலும் தன் மேஜையைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஊருக்கு ஊர் கட்டமைப்பு வேறு

எல்லா கேசினோ ஊர்களும் ஒரே அச்சு அல்ல. அமெரிக்க முறையில் கேசினோதான் கட்டிடத்தின் நடு ஹால். லாஸ் வேகஸில் பெரும்பாலான பெரிய ஹோட்டல்களில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே நடந்தால்தான் லிஃப்ட் வரும். காலையில் காபி வாங்கப் போனாலும் அதே வழி, குளித்துவிட்டு ஈரத்துணியோடு குளத்திலிருந்து திரும்பினாலும் பல ஹோட்டல்களில் அதே வழி. சிகரெட் புகையும் அதை மறைக்கத் தெளித்த வாசனையும் கலந்து ஒரு மணம் வரும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. சிங்கப்பூரிலும் சீனாவின் மக்காவு (Macau) பகுதியிலும் அப்படி இல்லை. கேசினோவுக்குத் தனி வாசல், வாசலில் காவலர். அந்தக் கதவைத் தாண்டாமலேயே ஹோட்டலில் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் கேசினோ தளத்தைக் கடந்து போகலாம், அங்கே நிற்கக் கூடாது. பையன் ஒரு மெஷினின் விளக்கைப் பார்த்து நின்றுவிட்டால் காவலர் வந்து நகரச் சொல்வார். மக்காவிலும் சிங்கப்பூரிலும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உள்ளே அனுமதியே இல்லை. வயது விஷயத்தில் இன்னொன்று: லாஸ் வேகஸ் ஹோட்டல்கள் பலவற்றில் அறையைப் பதிவு செய்கிறவருக்கே 21 நிரம்பியிருக்க வேண்டும். 2020-ல் டவுன்டவுனில் திறந்த சர்கா ஹோட்டலில் 21 வயதுக்குக் குறைந்த யாருக்குமே இடமில்லை. குடும்பத்தோடு வாசலில் போய் நின்ற பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது.

இனி சில ஊர்களைப் பார்ப்போம். எல்லாவற்றையும் அல்ல, வகைக்கு ஒன்றாக.

லாஸ் வேகஸில் ‘ஸ்ட்ரிப்’ என்பது சுமார் 6.8 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை. படங்களில் பார்க்கும் பிரம்மாண்ட ஹோட்டல்கள் எல்லாம் அதன் இரு பக்கமும் இருக்கின்றன. அதற்கு வடக்கே பழைய டவுன்டவுன், அதாவது ஃப்ரீமான்ட் தெரு. ஸ்ட்ரிப்பில் பிரம்மாண்டத்துக்காகத் தங்குகிறோம். டவுன்டவுனில் கட்டிடங்கள் சின்னவை, ஒரு கேசினோவிலிருந்து அடுத்ததற்கு ஒரு நிமிட நடை. குறைந்தபட்சப் பந்தயம் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்தத் தெருவின் மேலேயே ஒளித்திரைக் கூரை, கீழே மேடைக் கச்சேரி, எல்லாம் நள்ளிரவு தாண்டியும் ஓடும். தெருப் பக்க அறை எடுத்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

மக்காவில் இரண்டு உலகம். பழைய தீபகற்பப் பகுதியில் லிஸ்போவா, கிராண்ட் லிஸ்போவா போன்றவை இருக்கின்றன. அங்கிருந்து செனாடோ சதுக்கத்துக்கும் செயின்ட் பால் தேவாலய இடிபாடுகளுக்கும் நடந்தே போகலாம். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி அது. இன்னொன்று கோட்டாய், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். வெனிஷியன், கேலக்ஸி, வின் பேலஸ் எல்லாம் அங்கே. ஏசி விட்டு வெளியே வராமல் நாள் முழுக்கச் சுற்ற விரும்பினால் கோட்டாய். ஊரின் சந்துகளைப் பார்க்க விரும்பினால் தீபகற்பம். என் ஓட்டு தீபகற்பத்துக்கு. வெனிஷியனை மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். படகுத் துறையிலிருந்தும் எல்லைச் சாவடியிலிருந்தும் பெரிய ரிசார்ட்டுகள் இலவசப் பேருந்து விடுகின்றன. படகில் போகிறவர்கள் கவனிக்க: துறைமுகம் இரண்டு. தீபகற்பத்தில் ஒன்று, டைப்பாவில் ஒன்று. கோட்டாயில் தங்கினால் டைப்பா படகுதான் பக்கம்.

சிங்கப்பூரில் தேர்வு சுலபம், கேசினோ ரிசார்ட்டே இரண்டுதான். இரண்டும் 2010-ல் திறந்தவை. மரினா பே சாண்ட்ஸ் நகரத்தின் நடுவில், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா தீவில், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பக்கத்தில். மரினா பேயின் 57-வது மாடி நீச்சல்குளம் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும். அந்தக் குளத்துக்காகத்தான் இவ்வளவு வாடகை கொடுக்கிறோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் ஒரே ஓர் இரவு அங்கே, மற்ற இரவுகள் வேறு ஹோட்டல் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டி கேசினோவுக்கு இலவசமாகப் போகலாம். சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் ஒரு நாளுக்கு 150 சிங்கப்பூர் டாலர் நுழைவு வரி கட்ட வேண்டும்.

மலேசியாவின் கெந்திங் மலை வேறு ரகம். கோலாலம்பூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரம், கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். உச்சியில் இருக்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,351 அறைகள். அறை எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் பதிவு பெற்றது. வாடகை மலிவு. அத்தனை அறைக்காரர்களும் ஒரே நாளில் செக்-இன் செய்ய வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமைதி வேண்டுமானால் பாதி மலையில் இருக்கும் அவானாவில் தங்கி, கேபிள் காரில் மேலே போய் வரலாம். மேகம் உள்ளே வரும் ஊர் என்பதால் ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் அட்லாண்டிக் சிட்டியில் கடற்கரைப் பலகை நடைபாதையை ஒட்டிய ஹோட்டல்கள் ஒரு கூட்டம், மரினா பக்கம் இருக்கும் போர்காட்டா, ஹாராஸ், கோல்டன் நகெட் இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே நடந்து போவதாக நினைக்க வேண்டாம், வண்டி வேண்டும். மொனாக்கோவுக்குப் போகிறவர்கள் மான்டே கார்லோவிலேயே தங்க வேண்டும் என்பதில்லை. பிரான்சின் நீஸ் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ராத்திரி கடைசி ரயில் எப்போது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் விரல், தரையில் கால்

ஊரும் பகுதியும் முடிவானதும் அடுத்த வேலை நடைதூரம் பார்ப்பது. கேசினோ ஊர்களில் கண் ஏமாறும். கட்டிடங்கள் மலை மாதிரி இருப்பதால் ‘இதோ பக்கத்தில்தான்’ என்று தோன்றும், நடந்தால் இருபது நிமிடம் ஆகும். லாஸ் வேகஸின் பெலாஜியோ ஹோட்டல் ஏறக்குறைய எட்டு ஏக்கர் ஏரிக்குப் பின்னால் இருக்கிறது. அறையை விட்டு நீண்ட தாழ்வாரம், லிஃப்ட், கேசினோ, லாபி எல்லாம் தாண்டிச் சாலையில் கால் வைக்கவே பத்து நிமிடம் ஆகலாம். சாலையைக் கடக்க முக்கியச் சந்திப்புகளில் மேம்பால நடைபாதை ஏறி இறங்க வேண்டும். ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இதெல்லாம் சின்ன விஷயமில்லை. மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போனால், லிஃப்டுக்குப் பக்கத்து அறை கேட்பதும் சின்ன ஹோட்டலாகப் பார்ப்பதும் எந்த ஆடம்பரத்தையும்விட மேல்.

மோனோ ரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எம்ஜிஎம் கிராண்டிலிருந்து சஹாரா வரை. ஆனால் அது ஸ்ட்ரிப்பின் கிழக்குப் பக்க ஹோட்டல்களின் பின்புறமாக ஓடுகிறது. நிலையத்துக்குப் போகவே ஒரு முழு கேசினோவைக் கடக்க வேண்டும். விமான நிலையத்துக்கும் போகாது. கிழக்குப் பக்கம் தங்கினால் பயன், மேற்குப் பக்கம் தங்கினால் பெயரளவுக்குத்தான். மேற்குப் பக்கத்தில் மாண்டலே பே, லக்ஸார், எக்ஸ்காலிபர் மூன்றையும் இணைக்கும் இலவச டிராம் ஒன்றும், பார்க் எம்ஜிஎம், ஆரியா, பெலாஜியோ பக்கம் இன்னொன்றும் இருக்கின்றன.

ஹோட்டல் இன்னும் இயங்குகிறதா, பக்கத்தில் கட்டுமானம் நடக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பயணக் குறிப்புகளில் புகழப்படும் மிராஜ் 2024 ஜூலையில் மூடப்பட்டது. ட்ராபிகானா அதே ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்டு அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கிரேன் தெரியும் ஜன்னலுக்கு யாரும் தள்ளுபடி தர மாட்டார்கள், கேட்டால் ஒழிய.

முழு விலையைக் கூட்டிப் பாருங்கள்

இனிதான் பணம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், செல்போன் கணக்கியும் போதும்.

ஸ்ட்ரிப்பில் 49 டாலர் என்று ஓர் அறை கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிசார்ட் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு. பெரிய ஹோட்டல்களில் ஓர் இரவுக்கு 35-லிருந்து 55 டாலர் வரை. வைஃபை, ஜிம், உள்ளூர் போன் அழைப்பு எல்லாம் அதில் அடக்கம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. 45 டாலர் என்று வைத்தால் கூட்டுத்தொகை 94. அதன் மேல் 13 சதவீதத்துக்குச் சற்று அதிகமான அறை வரி, ரிசார்ட் கட்டணத்துக்கும் சேர்த்து. இப்போது 106 டாலரைத் தாண்டிவிட்டது. காரில் வந்தால் நிறுத்தக் கட்டணம் இன்னொரு 20 டாலர் போல. 49 டாலர் அறை 126-க்கு வந்து நிற்கிறது. பக்கத்திலேயே ரிசார்ட் கட்டணமும் பார்க்கிங் கட்டணமும் இல்லாத சாதாரண ஹோட்டல் 95 டாலர் என்றால், வரி சேர்த்தும் அதுதான் மலிவு.

2025 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் ஒரு விதி வந்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த தொகையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் தொகை எகிறும் விளையாட்டு அதனால் குறைந்திருக்கிறது. ஆனால் அரசு வரியைப் பிறகு சேர்க்கலாம், பார்க்கிங்கும் அதில் வராது. மக்காவிலும் சிங்கப்பூரிலும் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். மக்காவில் 10 சதவீதமும் 5 சதவீதமும். சிங்கப்பூரில் 10 சதவீதம், அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி.

கூட்டலில் பலரும் விட்டுவிடுவது மேஜையின் குறைந்தபட்சப் பந்தயம். ஆடம்பர ஹோட்டலில் சனிக்கிழமை இரவு குறைந்தபட்சம் உயர்ந்துவிடும், மலிவான ஹோட்டலிலோ விதிகள் மோசமாக இருக்கலாம். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில், வைத்த 2-க்கு 3 (‘3 to 2’) கொடுக்கும் மேஜையில் 10 டாலர் வைத்து பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 15 கிடைக்கும். 5-க்கு 6 (‘6 to 5’) கொடுக்கும் மேஜையில் 12 மட்டுமே. பச்சை விரிப்பின் மேலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், உட்காரும் முன் குனிந்து பாருங்கள். எண் சக்கரத்தில் பந்தை உருட்டும் ரூலெட்டில் ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் வீட்டின் பங்கு, அதாவது பந்தயத்தில் சராசரியாகக் கேசினோவுக்கு மிஞ்சுவது, 2.7 சதவீதம், இரட்டைப் பூஜ்யத்தில் 5.26, மூன்று பூஜ்யத்தில் 7.69. ‘எங்கள் ஹோட்டல் கேசினோவிலேயே விளையாடிவிடலாம்’ என்ற சோம்பலுக்கும் ஒரு விலை உண்டு.

தேதியை நகர்த்தினால் வாடகை நகரும்

வேகஸில் ஞாயிறு முதல் வியாழன் வரை மலிவு, வெள்ளியும் சனியும் விலை. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டுவது மாநாடுகளில். ஜனவரியில் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி நடக்கும் வாரம், வார நாளாக இருந்தாலும் வாடகை வானத்தில் நிற்கும். 2023-லிருந்து நவம்பரில் ஃபார்முலா 1 பந்தயம் ஸ்ட்ரிப்பிலேயே ஓடுகிறது. அந்தச் சமயத்தில் சாலையும் அடைபடும். மக்காவிலும் நவம்பரில் கார் பந்தயம் உண்டு. அதைவிடப் பெரிய கூட்டம் சீனப் புத்தாண்டுக்கும் அக்டோபர் முதல் வாரத்துக்கும். கெந்திங்கில் வார இறுதியும் பள்ளி விடுமுறையும். பதிவு செய்யும் முன் உங்கள் தேதிகளுக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வாடகையைப் பாருங்கள். ஒரே ஒரு வாரம் மட்டும் தூக்கலாக இருந்தால் ஏதோ விழா இருக்கிறது என்று அர்த்தம்.

அறையைத் தேர்ந்தெடுப்பது

பெரிய ரிசார்ட் என்றால் ஒரே ஹோட்டலுக்குள் நாலைந்து ஹோட்டல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல டவர், ஒவ்வொன்றும் கட்டிய காலம் வேறு, புதுப்பித்த காலம் வேறு. லக்ஸார் நல்ல உதாரணம். பிரமிடுக்குள் அறை எடுத்தால் ஜன்னல் சுவர் சாய்வாக இருக்கும், லிஃப்டும் சாய்வாகவே ஏறும். ஒருமுறை பார்க்க வேடிக்கைதான். பக்கத்து டவரில் எடுத்தால் சாதாரண நேர்ச்சுவர் அறை. பதிவுப் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும், படங்கள் மட்டும் ஒன்றுபோலத் தெரியும். டவரின் பெயரோடு சேர்த்து விருந்தினர் கருத்துகளைத் தேடுங்கள். அதுவும் கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதியவையாகப் பாருங்கள்.

காட்சிக்கு அதிகப் பணம் கொடுக்கலாமா? பெலாஜியோவின் நீரூற்றைப் பார்க்கும் அறைக்கு அங்கேயே கூடுதல் வாடகை. அதே நீரூற்று எதிரே பாரிஸ் ஹோட்டலின் முன்பக்க அறைகளிலிருந்தும் தெரியும், பக்கத்து காஸ்மோபாலிட்டனின் பால்கனிகள் சிலவற்றிலிருந்தும் தெரியும். ஸ்ட்ரிப்பில் பால்கனி அபூர்வம். பொதுவாக ஜன்னல் திறக்கவே திறக்காது. இரண்டு நாள் மட்டும் தங்கி, பகலெல்லாம் வெளியே சுற்றுகிறவருக்குக் காட்சி வீண் செலவு. மலிவான அறையில் ஏசி இயந்திரங்கள் நிற்கும் மொட்டைமாடிதான் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் தீர்ந்தது.

காட்சியைவிட முக்கியம் சத்தம். இரண்டு அறைக்கு நடுவில் உள்கதவு இருக்கும் அறைகளில் பக்கத்து அறை டிவியில் என்ன ஓடுகிறது என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். குடும்பமாக இரண்டு அறை எடுத்தால் அந்தக் கதவு வரம், தனியாக எடுத்தால் தொல்லை. அதனால் ‘உள்கதவு இல்லாத அறை வேண்டும்’ என்று குறிப்பு எழுதுங்கள். லிஃப்டிலிருந்து நாலைந்து அறை தள்ளி, நீச்சல்குளத்துக்கும் நைட் கிளப்புக்கும் நேர் மேலே இல்லாமல், உயர மாடியில் என்பது பாதுகாப்பான வேண்டுகோள். குளத்தில் பகலிலேயே டிஜே வைத்து விருந்து நடத்தும் ஹோட்டல்கள் இருக்கின்றன. மதியத் தூக்கம் வேண்டுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புகை ஆகாதவர்களுக்கு வேகஸில் பார்க் எம்ஜிஎம் இருக்கிறது. 2020-லிருந்து கேசினோ உட்பட முழுக்கப் புகையில்லாத ஹோட்டல். கேசினோவே இல்லாத உயர்தர ஹோட்டல்களும் ஸ்ட்ரிப்பில் உண்டு: வடாரா, வால்டார்ஃப் அஸ்டோரியா, மாண்டலே பே கோபுரத்தின் மேல்மாடிகளில் இருக்கும் ஃபோர் சீசன்ஸ். முதல்முறை போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். பெலாஜியோவும் ஆரியாவும் வடாராவிலிருந்து சில நிமிட நடை. விளையாடும்போது போகலாம், போதும் என்றால் திரும்பலாம். பணம் தோற்றுக்கொண்டிருக்கும்போது மேஜைக்கும் உங்கள் அறைக்கும் நடுவே லிஃப்ட் ஒன்று மட்டும் இருப்பதைவிட, ஒரு சாலை நடுவில் இருப்பது நல்லது. கை நிற்காது என்று தெரிந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

இலவச அறை என்ற தூண்டில்

பெரிய கேசினோ நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் உறுப்பினர் அட்டை உண்டு, இலவசம். போகும் முன்பே இணையத்தில் சேர்ந்துவிடுங்கள். உறுப்பினர் விலை என்று கொஞ்சம் குறைத்துக் காட்டுவார்கள். அட்டையில் மேல்நிலைக்கு வந்தவர்களுக்குச் சில நிறுவனங்கள் ரிசார்ட் கட்டணத்தையே தள்ளுபடி செய்கின்றன.

அதற்கு மேல் ‘காம்ப்’ எனப்படும் இலவச அறை, இலவசச் சாப்பாடு. இது நீங்கள் உண்மையில் எவ்வளவு தோற்றீர்கள் என்பதைப் பார்த்து வருவதல்ல. சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம், வீட்டின் பங்கு எவ்வளவு என்று பெருக்கி, நீங்கள் தோற்க வேண்டிய தொகையைக் கணிப்பார்கள். இரட்டைப் பூஜ்ய ரூலெட்டில் சுற்றுக்கு 15 டாலர், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் என்றால் மொத்தப் பந்தயம் 2,400 டாலர். அதில் 5.26 சதவீதம் சுமார் 126 டாலர். அதிலிருந்து ஒரு பகுதியைத்தான் அறையாகவோ சாப்பாடாகவோ திருப்பித் தருவார்கள். இலவச அறைக்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் விளையாடுவது கணக்குக்கு ஒத்துவராது. எப்படியும் விளையாடப் போகிறீர்கள் என்றால் அட்டையைக் கொடுத்துவிட்டு விளையாடுங்கள், அவ்வளவுதான்.

பதிவு செய்வதும் கார்டும்

ஹோட்டலின் சொந்தத் தளத்தில் ஒரு விலை, இடைத்தரகர் தளத்தில் ஒரு விலை என்று பார்க்கலாம். வித்தியாசம் சொற்பம் என்றால் நேரடியாகவே போடுங்கள். தேதி மாற்ற, அறை மாற்ற, குறிப்பு எழுத எல்லாம் எளிது. இடைத்தரகர் வழியாக வந்தவருக்கு ‘அவர்களிடம் பேசுங்கள்’ என்ற பதில்தான் வரும், உறுப்பினர் புள்ளிகளும் பெரும்பாலும் சேராது. ரத்து செய்ய முடிகிற விலையிலேயே எடுங்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கேசினோ ஹோட்டல் வாடகை நாளுக்கு நாள் மாறும். பதிவு செய்த பிறகும் வாரத்துக்கு ஒருமுறை அதே தேதியைப் பாருங்கள். இறங்கியிருந்தால் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்யுங்கள். எத்தனை நாள் முன்பு வரை இலவச ரத்து என்பதைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

செக்-இன் செய்யும்போது வாடகை போக ஒரு டெபாசிட் தொகையை கார்டில் முடக்குவார்கள். சில இடங்களில் மொத்தமாக, சில இடங்களில் இரவுக்கு இவ்வளவு என்று. இரவுக்கு 100 டாலர் என்றால் நான்கு இரவுக்கு 400. கிரெடிட் கார்டில் அது வரம்பிலிருந்து மட்டும் குறையும். டெபிட் கார்டில் உங்கள் கணக்குப் பணமே முடங்கும், வெளியேறிய பிறகு திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். கையில் ஒரே டெபிட் கார்டோடு போய், சாப்பாட்டுக்குப் பணமில்லாமல் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

கவுன்டரில்

வார நாளில், மதியம் மூன்று மணிக்கு முன்பு போனால் வரிசை குறைவு, காலி அறையும் அதிகம். சிரித்த முகத்தோடு ‘இதைவிட நல்ல அறை ஏதாவது காலியாக இருக்கிறதா?’ என்று கேட்பதில் தப்பில்லை. வேகஸில் பாஸ்போர்ட்டுக்கும் கார்டுக்கும் நடுவே 20 டாலர் நோட்டை மடித்து வைத்து நீட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. நடந்தால் நடக்கும், அறைகள் நிறைந்த சனிக்கிழமையில் எதுவும் நடக்காது. சும்மா கேட்டே எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள். அறை தயாராகவில்லை என்றால் உடனே கொடுப்பதற்கு முன்கூட்டிய செக்-இன் கட்டணம் கேட்பார்கள். பெட்டிகளை பெல் டெஸ்க்கில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகலாம்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் ஏசி, வெந்நீர், ஜன்னல் பக்கச் சத்தம், புகை வாடை, உள்கதவு எல்லாம் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் அப்போதே கீழே போங்கள். துணியை அடுக்கிய பிறகு யாருக்கும் மனம் வராது. மேசையில் தட்டு நிறைய முந்திரியும் சாக்லேட்டும் தண்ணீர் பாட்டிலும் அழகாக அடுக்கியிருக்கும். பல ஹோட்டல்களில் அந்தத் தட்டுக்கு அடியில் எடை உணரும் கருவி இருக்கிறது. பாட்டிலைத் தூக்கி விலைப் பட்டியலைப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பதற்குள் பில்லில் ஏறிவிடலாம். மினிபார் பிரிட்ஜும் அப்படியே, உங்கள் மருந்தையோ பாலையோ வைக்க அதில் இடம் ஒதுக்காதீர்கள். தனி பிரிட்ஜ் வேண்டுமென்று கேட்டால் கொடுப்பார்கள், சில இடங்களில் கட்டணத்தோடு. குழந்தைகள் இருந்தால் அந்தத் தட்டையே எடுத்துப் போகச் சொல்லிவிடலாம்.

கிளம்பும் நாளுக்கு முந்தின இரவே பில்லை டிவியிலோ செயலியிலோ திறந்து பாருங்கள். தொடாத சாக்லேட், போகாத ஸ்பா என்று ஏதாவது இருந்தால் கவுன்டரில் சொன்னால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள். காலையில் விமானத்துக்கு நேரமாகும்போது அந்த வரிசையில் நிற்க முடியாது. திருத்திய பில்லை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். டெபாசிட் விடுபட்டு, கார்டில் கடைசித் தொகை பதிவாகும் வரை அது தேவைப்படும்.